எண்ணுக்கு முன்னால் திசை: ஒரு ரியாக்டரைக் குறிகளால் மாதிரியாக்கி உகப்பாக்கும் முழு வழிகாட்டி

ஒரு ரியாக்டரை எந்த வெப்பநிலையில், எந்தத் திரவ மட்டத்தில் ஓட்டினால் விளைச்சல் அதிகம் என்று கேட்டால், புதிதாக வரும் பொறியாளர்கள் பெரும்பாலும் நேராக சால்வரைத்தான் (சமன்பாடுகளை எண்களால் தீர்க்கும் மென்பொருள்) திறக்கிறார்கள். வேக மாறிலிகளை (வினை எவ்வளவு வேகமாக நடக்கும் என்று சொல்லும் எண்கள்) அரைகுறையாக ஊகித்துப் போட்டாலும் அது ஏதோ ஒரு விடை தரும். ஆனால் அந்த விடை எதனால் வந்தது, ஊகம் தவறினால் எந்தப் பக்கம் நகரும் என்று யாராலும் சொல்ல முடியாது.

அதற்கு முன்னால் செய்ய வேண்டியது பண்புசார் மாதிரி. எது கூடினால் எது கூடும், எது குறையும் என்பதைக் கூட்டல், கழித்தல் குறி இட்ட அம்புகளால் மட்டும் வரைவது. இதை ஒழுங்காகச் செய்தால், தேட வேண்டிய மாறிகளில் பாதி தேடாமலே முடிவாகிவிடும். மீதிக்கு மட்டும் எண் போதும்.

வழிகாட்டி முழுக்க ஒரே எடுத்துக்காட்டுடன் போவோம். தொடர்ந்து ஓடும் கலக்குத் தொட்டி ரியாக்டர். வெளியே தண்ணீர் ஜாக்கெட், அதாவது குளிர்நீர் ஓடும் உறை. உள்ளே மூலப்பொருள் சரக்காக மாறுகிறது. சரக்கு மேலும் வினைபட்டுக் கழிவாகிறது. பென்சீனைக் குளோரினேற்றும்போது மோனோகுளோரோபென்சீன் உருவாகி, அதுவே டைகுளோரோபென்சீனாகப் போவது இந்த வகை. எளிமைக்காக இரண்டு வினைகளையும் முதல்படி வினைகளாகவும் (வேகம் செறிவுக்கு நேர்விகிதத்தில் இருப்பவை), வெப்பம் விடுபவையாகவும் வைத்துக்கொள்வோம்.

1. தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

பைப்பிங் மற்றும் கருவி வரைபடம் வேண்டும், அதுவும் இப்போது ஆலையில் உள்ளபடி. எந்தக் கண்ட்ரோலர் ஆட்டோவில் ஓடுகிறது, எது மேனுவலில் கிடக்கிறது என்பதை ஆபரேட்டரிடம் கேட்டு அதன் மேலேயே எழுதுங்கள். படத்தில் ஆட்டோ என்று இருக்கும் லூப் (அளந்து பார்த்து வால்வைத் திருத்தும் கட்டுப்பாட்டுச் சுற்று) நடைமுறையில் மேனுவலில் ஓடுவது சாதாரணம். அது மாறினால் குறிகளும் மாறும்.

வரம்புகளின் பட்டியல் அடுத்தது: தொட்டியின் அதிகபட்ச மட்டம், குளிர்நீர் வால்வு முழுதும் திறந்தால் வரும் ஃப்ளோ, கோடையில் குளிர்நீரின் வெப்பநிலை, பாதுகாப்புக்கான வெப்பநிலை எல்லை.

பிறகு ஆய்வகப் பதிவேடு. வேக மாறிலிகள் தேவையில்லை. வெவ்வேறு வெப்பநிலையில் எடுத்த சாம்பிள்களில் மூலப்பொருள், சரக்கு, கழிவு மூன்றின் செறிவும் இருந்தால் போதும்.

2. கேள்வியை ஒரே வரியில் எழுதுங்கள்

“ஃபீட் ஃப்ளோ (உள்ளே வரும் திரவத்தின் அளவு) மாறாமல் இருக்க, ஃபீடில் வரும் மூலப்பொருளில் எத்தனை விழுக்காடு சரக்காக வெளியே போகிறது என்பதை அதிகமாக்க வேண்டும்.” நம் கேள்வி இது.

மீந்த மூலப்பொருளைப் பிரித்துத் திருப்பி அனுப்பும் வசதி இருந்தால் கேள்வியே வேறு. அப்போது மூலப்பொருள் மீந்தால் நஷ்டம் கொஞ்சம்தான், கழிவாகப் போனால்தான் முழு நஷ்டம். குறைந்த கன்வர்ஷனில் (மூலப்பொருளில் வினைபட்டு மாறும் பங்கு) ஓட்டுவது லாபமாகலாம். இதை முதலிலேயே தீர்க்காமல் அம்பு வரைய ஆரம்பித்தவர்கள், பாதி வழியில் இலக்கை மாற்றிவிட்டு எல்லாவற்றையும் மறுபடி வரைகிறார்கள்.

3. மாறிகளை மூன்று வகையாகப் பிரியுங்கள்

நாம் வைப்பவை, நம் மேல் வந்து விழுபவை, விளைவாக வருபவை. மட்டம் நாம் வைப்பது. ஃபீட் செறிவும் குளிர்நீரின் வெப்பநிலையும் நம் மேல் விழுபவை. ரியாக்டரில் உள்ள மூன்று செறிவுகளும் விளைவுகள்.

ரியாக்டர் வெப்பநிலை எந்த வகை? இங்கேதான் அதிகம் பேர் தடுமாறுகிறார்கள். வெப்பநிலைக் கண்ட்ரோலர் ஆட்டோவில் இருந்தால் வெப்பநிலை நாம் வைப்பது, குளிர்நீர் ஃப்ளோ விளைவு. மேனுவலில் இருந்தால் நேர்மாறு. இரண்டையும் நாம் வைப்பவை என்று எழுதினால் மாதிரியில் ஒரு சமன்பாடு மிகையாகிவிடும். சால்வர் அதைக் கண்டுபிடித்துச் சொல்லாமலும் போகலாம். நம் எடுத்துக்காட்டில் லூப் ஆட்டோ.

4. அம்புகளைச் சமன்பாட்டிலிருந்து எடுங்கள், அனுபவத்திலிருந்து அல்ல

பொருள் சமநிலை, வெப்பச் சமநிலை இரண்டையும் முதலில் எழுதுங்கள். சமன்பாட்டில் உள்ள ஒவ்வொரு உறுப்பையும் எடுத்து, “இந்த மாறி மட்டும் கொஞ்சம் கூடினால் உறுப்பு எந்தப் பக்கம் போகும்?” என்று கேளுங்கள். கிடைக்கும் குறிதான் அம்பின் குறி. அனுபவத்திலிருந்து வரைந்தால், பல பாதைகள் வழியே வந்த மொத்த விளைவை ஒரே அம்பாகப் போட்டுவிடுவோம். பிறகு அதே பாதையைத் தனியாகவும் வரைந்து இரண்டு முறை எண்ணுவோம்.

மூலப்பொருளுக்கு: மாறும் வேகம் = உள்ளே வருவது − வெளியே போவது − வினையில் தீர்வது. வெப்பநிலை கூடினால் வினை வேகம் கூடும், ஆகவே வெப்பநிலையிலிருந்து மூலப்பொருள் செறிவுக்குக் கழித்தல் அம்பு. ஃபீட் ஃப்ளோவிலிருந்து கூட்டல் அம்பு, ஏனென்றால் ஃபீடில் உள்ள செறிவு தொட்டியில் உள்ளதைவிட அதிகம்.

இந்த “ஏனென்றால்” முக்கியம். குறி எந்த நிபந்தனையால் வந்ததோ அதை அம்பின் பக்கத்திலேயே எழுதுங்கள். ஃபீட் ஃப்ளோவிலிருந்து ரியாக்டர் வெப்பநிலைக்குப் போகும் நேரடி அம்பைப் பாருங்கள்: ஃபீட் தொட்டியைவிடக் குளிர்ச்சியாக இருந்தால் கழித்தல், முன்சூடாக்கி வழியாக அதைவிடச் சூடாக வந்தால் கூட்டல். யாராவது ஒரு நாள் முன்சூடாக்கியை இயக்கினால் அம்பு திரும்பிவிடும். நிபந்தனை எழுதாத படத்தில் இது யார் கண்ணிலும் படாது.

விட்டுப்போகும் இன்னொரு அம்பு மட்டத்திலிருந்து ஜாக்கெட்டுக்குப் போவது. மட்டம் ஏறினால் திரவம் தொடும் ஜாக்கெட் பரப்பும் கூடும், வெப்பம் வெளியேறுவது எளிதாகும். அதே சமயம் வினை நடக்கும் கனஅளவும் கூடுவதால் வெப்பம் பிறப்பதும் கூடும். இரண்டு அம்புகளையும் தனித்தனியாகப் போடுங்கள். மனத்துக்குள் கழித்துவிட்டு ஒன்றாகப் போட வேண்டாம்.

பத்து மாறிகளுக்கு மேல் போனால் காகிதம் தாங்காது. எக்செலில் சதுர அட்டவணை போட்டு ஒவ்வொரு கட்டத்திலும் +, −, 0 என்று நிரப்பினால் போதும். குறி தெரியாத இடத்தில் கேள்விக்குறி. கேள்விக்குறியை ஊகத்தால் நிரப்பாதீர்கள். பிறகு எண் தேடப் போவது அந்த இடங்களுக்குத்தான்.

5. சுற்றுகளைக் கண்டுபிடியுங்கள்

கிளம்பிய மாறிக்கே திரும்பி வரும் பாதை ஒரு சுற்று. அதன் குறிகளைப் பெருக்கினால் கழித்தல் வந்தால் அது தன்னைத் தானே அடக்கும். கூட்டல் வந்தால் தன்னைத் தானே ஊதிப் பெருக்கும்.

வெப்பநிலையைச் சுற்றி இரண்டும் உண்டு. வெப்பநிலை கூடினால் வினை வேகம் கூடி இன்னும் வெப்பம் பிறக்கும்: கூட்டல் சுற்று. வெப்பநிலை கூடினால் ஜாக்கெட் வழியாகவும் வெளியேறும் திரவத்தோடும் அதிக வெப்பம் போகும்: கழித்தல் சுற்று. எது வெல்கிறது என்று குறி சொல்லாது. ஒரு சிறு கூடுதல் தகவல் தேவை: வெப்பநிலை ஒரு டிகிரி ஏறினால் வெளியேறும் வெப்பம் கூடுவது, பிறக்கும் வெப்பம் கூடுவதைவிட அதிகமா? அதிகமாக இருக்க வேண்டும். இல்லையென்றால் கண்ட்ரோலர் இல்லாமல் அந்த நிலை நிற்காது.

இதைச் சரிபார்க்காமல் அடுத்த படிக்குப் போகாதீர்கள். நிலையற்ற இயக்கப் புள்ளியில், நிலைத்த நிலைக்குக் கணக்கிடும் குறிகள் தலைகீழாக வரும்: குளிர்நீர் ஃப்ளோவைக் கூட்டினால் வெப்பநிலை ஏறும் என்று காகிதம் சொல்லும். கணக்கில் பிழை இல்லை, அந்தப் புள்ளிக்கு அப்படித்தான் வரும். ஆனால் அதை நம்பி வால்வைத் திருப்புவது ஆபத்து.

6. நாம் வைக்கும் மாறியிலிருந்து இலக்கு வரை எல்லாப் பாதைகளையும் தொடருங்கள்

இப்போது நாம் வைக்கும் மாறிகள் இரண்டு: மட்டம், வெப்பநிலை. இலக்கு சரக்கின் விளைச்சல்.

மட்டம் கூடினால் தங்கும் நேரம் (திரவம் தொட்டியில் சராசரியாக இருக்கும் நேரம்: கனஅளவு ÷ ஃபீட் ஃப்ளோ) கூடும். மூலப்பொருள் அதிகம் வினைபடும்: விளைச்சலுக்குக் கூட்டல். சரக்கும் அதிக நேரம் உள்ளே இருந்து கழிவாகும்: கழித்தல். ஆக, கேள்விக்குறி. வெப்பநிலை கூடினாலும் இரண்டு வினைகளும் வேகமாகும். அங்கும் ஒரு கூட்டல், ஒரு கழித்தல், மறுபடி கேள்விக்குறி.

பலர் இந்த இடத்தில் “குறிகளால் ஒன்றும் தெரியவில்லை” என்று படத்தை ஓரம் வைத்துவிட்டு சால்வருக்குப் போகிறார்கள். இரண்டு கேள்விக்குறி வந்ததற்குக் காரணம் நாம் தேர்ந்த மாறிகள்தான்.

7. முரணை அவிழ்க்க மாறிகளை மாற்றுங்கள்

இந்தப் படிதான் முழு வேலையின் உயிர். அவசரப்படாதீர்கள்.

முதல் வினையின் வேக மாறிலியை வே1, இரண்டாவதை வே2, தங்கும் நேரத்தை நே என்போம். தொட்டி முழுதும் நன்றாகக் கலந்திருந்தால்:

விளைச்சல் = (வே1 × நே) ÷ [(1 + வே1 × நே) × (1 + வே2 × நே)]

மட்டமும் வெப்பநிலையும் என்று யோசிப்பதற்குப் பதிலாக, கன்வர்ஷனும் வெப்பநிலையும் என்று யோசியுங்கள். கன்வர்ஷனைத் தீர்மானிப்பது வே1 × நே மட்டுமே. அதை ஒரே அளவில் பிடித்துக்கொண்டு வெப்பநிலையைக் குறைத்தால் என்ன ஆகும்? வே1 குறையும், அதை ஈடுகட்ட நே கூட வேண்டும், அதாவது மட்டம் ஏற வேண்டும். முதல் அடைப்புக்குறி மாறாது. மிச்சம் இருப்பது வே2 × நே ஒன்றுதான். அது கூடுமா குறையுமா என்பது, வெப்பநிலை மாறும்போது வே2, வே1 இரண்டில் எது வேகமாக மாறுகிறது என்பதைப் பொறுத்தது.

அதாவது நமக்குத் தேவையான தகவல் ஒரே ஒரு ஒப்பீடு: எந்த வினையின் கிளர்வு ஆற்றல் (இது அதிகமாக இருந்தால் வெப்பநிலைக்கு ஏற்ப வேகம் அதிகமாக மாறும்) அதிகம்? எவ்வளவு அதிகம் என்பதுகூட வேண்டாம்.

கழிவு வினையுடையது அதிகம் என்றால், ஒரே கன்வர்ஷனில் வெப்பநிலை குறையக் குறைய விளைச்சல் கூடும், எப்போதும். கேள்விக்குறி போய்க் கழித்தல் வந்துவிட்டது. முதல் வினையுடையது அதிகம் என்றால் நேர்மாறு: பாதுகாப்பு எல்லை அனுமதிக்கும் வரை சூடாக ஓட்ட வேண்டும்.

இந்த ஒப்பீட்டுக்குத் தனி ஆராய்ச்சி தேவையில்லை, பதிவேடே சொல்லும். இந்த வகை ரியாக்டரில் நிலைத்த நிலையில், வெளியேறும் கழிவை வெளியேறும் சரக்கால் வகுத்தால் வே2 × நே. மாறிய மூலப்பொருளை மீந்த மூலப்பொருளால் வகுத்தால் வே1 × நே. முதலாவதை இரண்டாவதால் வகுத்தால் வே2 ÷ வே1 கையில் வந்துவிடும். தங்கும் நேரம்கூடத் தெரிய வேண்டியதில்லை. சரக்கில் 0.2 பங்கு கழிவும், மீந்த மூலப்பொருளைப்போல் 5 மடங்கு மாறியதும் இருந்தால், விகிதம் 0.04. இரண்டு வெப்பநிலையில் இதைப் போட்டுப் பாருங்கள். சூடான நாளில் விகிதம் பெரிதாக இருந்தால் கழிவு வினையின் கிளர்வு ஆற்றல்தான் அதிகம்.

தங்கும் நேரத்தைப்போல் மூன்று நான்கு மடங்கு நேரம் எதையும் மாற்றாமல் ஓடிய பிறகு எடுத்த சாம்பிள்களை மட்டும் சேருங்கள். ஷிப்ட் மாறும்போதும் ஃபீட் மாற்றிய உடனேயும் எடுத்தவை இந்தக் கணக்குக்கு உதவாது.

8. ஒரே திசையில் போகும் மாறிக்கு முட்டும் வரம்பைத் தேடுங்கள்

ஒரு மாறியைக் குறைக்கக் குறைக்க இலக்கு மேம்பட்டுக்கொண்டே போனால், உகந்த நிலையில் ஏதாவது ஒரு வரம்பு அதைத் தடுத்து நிறுத்தியே ஆக வேண்டும். அப்படி ஒரு வரம்பு மாதிரியில் இல்லையென்றால் மாதிரி முழுமையாகவில்லை என்று அர்த்தம். “வெப்பநிலையை முடிவில்லாமல் குறை, தொட்டியை முடிவில்லாமல் பெரிதாக்கு” என்பது விடை அல்ல.

நம் ரியாக்டரில் இரண்டு வரம்புகள் போட்டியிடுகின்றன. ஒன்று தொட்டியின் கனஅளவு. மற்றது ஜாக்கெட். 32 டிகிரி குளிர்நீருடன் 60 டிகிரியில் ஓடினால் வெப்பத்தைத் தள்ளும் வித்தியாசம் 28 டிகிரி. 49 டிகிரிக்கு இறங்கினால் 17தான். கன்வர்ஷன் ஏறத்தாழ அதேதான் என்பதால் வெளியேற்ற வேண்டிய வெப்பம் பெரிதாகக் குறையாது. மட்டம் ஏறிக் கிடைக்கும் கூடுதல் பரப்பு ஓரளவு கைகொடுக்கும், அவ்வளவுதான்.

எது முதலில் முட்டும் என்பது பருவத்தையும் பொறுத்தது. கூலிங் டவர் நீர் காற்றின் ஈரக்குமிழ் வெப்பநிலைக்குக் (ஈரத்துணி சுற்றிய வெப்பமானி காட்டுவது) கீழே இறங்காது. மார்கழியில் தொட்டி வரம்பாக இருந்த ஆலைக்குச் சித்திரையில் ஜாக்கெட் வரம்பாகலாம். இரண்டு நிலைக்கும் தனித்தனி செட்பாயிண்ட் (கண்ட்ரோலரில் வைக்கும் இலக்கு அளவு) எழுதி வையுங்கள்.

9. இப்போது எண்கள்

கணக்குக்காக எடுத்துக்கொள்வோம்: 60 டிகிரியில் வே1 நிமிடத்துக்கு 0.5, வே2 நிமிடத்துக்கு 0.02. கிளர்வு ஆற்றல்கள் மோலுக்கு 60, 90 கிலோஜூல். ஃபீட் நிமிடத்துக்கு 100 லிட்டர். தொட்டியில் பயன்படும் அளவு 2000 லிட்டர், இப்போது ஓடுவது 1000 லிட்டர் மட்டத்தில்.

மட்டத்துக்கு வரம்பே இல்லையென்றால், 70 டிகிரியில் சிறந்த தங்கும் நேரம் சுமார் 4.5 நிமிடம், விளைச்சல் 65.7 விழுக்காடு. 60 டிகிரியில் 10 நிமிடம், 69.4. 50 டிகிரியில் 23 நிமிடம், 73.2. குறிகள் சொன்ன திசைதான்.

தொட்டி தருவது அதிகபட்சம் 20 நிமிடம். ஜாக்கெட் தாங்கும் என்றால் மட்டத்தை முழுதாக வைத்துவிடலாம், அது முடிவான விஷயம். தேட வேண்டியது வெப்பநிலை ஒன்றுதான். எக்செலில் ஒரு நெடுவரிசை போதும். உச்சம் 49 டிகிரி அருகே, 73.0 விழுக்காடு.

அந்த நெடுவரிசையைக் கொஞ்சம் நேரம் பாருங்கள். 46 டிகிரியிலும் 52 டிகிரியிலும் விளைச்சல் ஏறத்தாழ 72.4. உச்சி இவ்வளவு தட்டையாக இருக்கும்போது 49 என்ற எண்ணைக் கட்டிக்கொண்டு நிற்கத் தேவையில்லை. நான் 52ஐத்தான் எடுப்பேன். ஜாக்கெட்டுக்கு மூச்சுவிட இடம் கிடைக்கும், மீந்த மூலப்பொருளும் குறையும்.

அடுத்து, வெப்பநிலையை 60லேயே விட்டுவிட்டு மட்டத்தை மட்டும் 2000க்கு ஏற்றினால்? விளைச்சல் 64.9 விழுக்காட்டுக்கு விழுகிறது. மட்டத்தை 1000லேயே விட்டு வெப்பநிலையை மட்டும் 55க்கு இறக்கினால் 69.4 என்பது 69.7 ஆகும், ஆய்வக அளவீட்டின் ஏற்ற இறக்கத்தில் அது தெரியவே தெரியாது. ஒவ்வொரு மாறியாகத் தனித்தனியே அசைத்துப் பார்த்த ஆலைகள் “நாம் ஏற்கெனவே சிறந்த இடத்தில்தான் இருக்கிறோம்” என்று நம்புவதற்கு இதுதான் காரணம். இரண்டையும் சேர்த்து நகர்த்தினால்தான் மூன்றரைப் புள்ளி கிடைக்கிறது. 7ஆம் படியில் மாறியை மாற்றியதன் பலன் இது.

10. ஆலையில் நகர்த்தும் வரிசை

வெப்பநிலையை இரண்டு டிகிரி இறக்கி, அதற்கு ஈடான மட்டத்தை ஏற்றி, காத்திருந்து, சாம்பிள் எடுத்து, மறுபடி. ஒரே தாவலில் 60லிருந்து 52க்குப் போக வேண்டாம். வெப்பநிலை வேகமாக விழுந்தால் வினை மந்தமாகி, மாறாத மூலப்பொருள் தொட்டியில் சேரும். பிறகு எதனாலாவது வெப்பம் ஏறினால் சேர்ந்ததெல்லாம் ஒன்றாக வினைபடும். வெப்பம் விடும் வினையில் குளிர்ச்சியும் ஆபத்துதான் என்பதைப் புதியவர்களுக்கு எவ்வளவு முறை சொன்னாலும் தகும். ஒவ்வொரு படியிலும் மீந்த மூலப்பொருளின் செறிவுக்கு ஒரு மேல் எல்லை வைத்து, அதைத் தாண்டினால் நிறுத்துங்கள்.

காத்திருக்கும் நேரமும் படிக்குப் படி கூடும். தங்கும் நேரம் 10 நிமிடமாக இருந்தபோது 40 நிமிடம் போதும். 20 நிமிடமானபின் ஒன்றேகால் மணி நேரமாவது வேண்டும். பழைய வழக்கப்படி 40ஆவது நிமிடத்தில் சாம்பிள் எடுத்தால் கழிவு இன்னும் முழுதாகச் சேர்ந்திருக்காது, முடிவு உள்ளதைவிட நல்லதாகத் தெரியும்.

ஒவ்வொரு படிக்குப் பிறகும் எண்ணை அல்ல, திசையை ஒப்பிடுங்கள். மாதிரி சொன்ன அளவைவிட விளைச்சல் குறைவாகக் கூடினால் பரவாயில்லை, வேக மாறிலிகள் தோராயமானவை. ஆனால் கூட வேண்டியது குறைந்தால் உடனே நிறுத்துங்கள். எங்கேயோ ஓர் அம்பு தவறு. மட்டம் ஏறியதும் மேல் பகுதி சரியாகக் கலக்காமல் போனதா என்று முதலில் பாருங்கள். கலக்கியின் இலை பழைய மட்டத்துக்கு ஏற்றபடி பொருத்தப்பட்டிருக்கலாம், அப்போது “நன்றாகக் கலந்த தொட்டி” என்ற நம் அடிப்படையே நிற்காது. அடுத்து 4ஆம் படியில் அம்புகளின் பக்கத்தில் எழுதிய நிபந்தனைகளை ஒவ்வொன்றாகப் பாருங்கள்.

வினையூக்கி மாறினாலோ, ஃபீட் வேறு இடத்திலிருந்து வர ஆரம்பித்தாலோ, ஒரு லூப் ஆட்டோவிலிருந்து மேனுவலுக்குப் போனாலோ படத்தை மீண்டும் எடுத்து 3ஆம் படியிலிருந்து ஓட்டுங்கள். வே2 ÷ வே1 விகிதத்தை மாதம் ஒருமுறை பதிவேட்டிலிருந்து கணக்கிட்டு ஒரு வரைபடத்தில் குறித்து வந்தால், வினையூக்கியின் நடத்தை மாறுவது விளைச்சல் பெரிதாக விழுவதற்கு முன்பே அதில் தெரியலாம்.